சேர் கேட்ட கேள்வியும் சிட்டோ காஸ்டனும்

எங்கட பள்ளிக்கூட கிரவுண்டில நெட் பிராக்டிஸ் நேரம் ஆராவது போல்ட் ஆனா சேர் ஏசமாட்டார். கிட்ட வந்து "என்ன பந்து வருமெண்டு நினைச்சனீ?" எண்டு மட்டும் கேப்பார், பதில் தெரியாம முழுசிக்கொண்டு நிக்கிறது எங்களுக்கு அடி வாங்கிறதை விடக் கஷ்டம். அந்தக் கேள்வியை நான் திரும்பக் கேட்டது டொரண்டோவில, ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில.

1988 கடைசியில வந்தனான். ராவில கோப்பை கழுவுற வேலை, குசினி ரேடியோவில எந்த நேரமும் டொரண்டோவின்ர பேஸ்போல் டீம் புளூ ஜேஸின்ர மச். முதல் ஒண்டும் விளங்கேல்ல, பிறகு இது எங்கட எல்லே மாதிரித்தானே, அடிச்சுப்போட்டுச் சுத்தி ஓடிவாறது எண்டு பிடிபட்ட உடன விட ஏலாமப் போச்சு.

1989 மே மாதம் 36 மச்சில 12 தான் வெண்டு டீம் படுத்திட்டுது, மனேஜரை, அதாவது டீமை நடத்துற தலைமைக் கோச்சை, நிப்பாட்டிப்போட்டு பட்டிங் கோச்சா இருந்த சிட்டோ காஸ்டனை விட்டினம். ஆள் முதல்ல வேண்டாமெண்டவர், பிளேயர்ஸ் தான் விடாமப் பிடிச்சது. அந்த வருசமே டிவிஷன், அதாவது லீக்கில தங்கட பிரிவை, வெண்டாச்சு. என்னோட வேலை செய்த ஒரு வயசான கனேடியன் சொன்னார், சிட்டோ முக்கியமாச் சொல்லிக்குடுக்கிறது பந்து எறியிற பிட்சர் அடுத்து என்ன போடுவானெண்டு யோசிச்சு அந்தப் பந்துக்குக் காத்து நிண்டு அடிக்கிறதைத்தானாம். கையில சவுக்கார நுரையோட அப்பிடியே நிண்டுட்டன், இது எங்கட சேர் எல்லோ!

பிறகு லைப்ரரியில தேடித்தேடி வாசிச்சன். டெக்சஸ் சான் அன்டோனியோவில பிறந்தவர், 1967 ல அட்லாண்டா பிரேவ்ஸுக்கு வரேக்க ரூம்மேட் பேஸ்போலின்ர பெரிய அடிகாரன் ஹாங்க் ஆரன். பிறகு சான் டியாகோ பாட்ரேஸ், அங்க 1970 ல .318 அவரேஜ் (அடிக்க நிண்டதில எத்தினை பங்கு சரியா அடிச்சதெண்ட கணக்கு), 29 ஹோம் ரன் (ஒரே அடியில முழுக்கச் சுத்தி வாறது), ஆல் ஸ்டார் எண்ட சிறந்த ஆக்களின்ர டீமிலயும் இடம். அந்த உயரத்துக்கு அவர் திரும்பப் போகவேயில்லை, 11 சீசனையும் சேத்துப் பாத்தா .256 தான். பட்டில பந்து படுற காலத்தையும் படாத காலத்தையும் ரெண்டையும் கண்ட ஆள், அதாலதான் தடுமாறுற பெடியனோட அவரால பொறுமையாக் கதைக்க ஏலுமா இருந்ததெண்டு நான் உறுதியா நம்புறன். 1981 ல ஆரன் கூப்பிட்டுத்தான் பிரேவ்ஸின்ர சின்ன டீம்களுக்கு பட்டிங் பழக்கத் தொடங்கினவர், அடுத்த வருசம் டொரண்டோ.

1992 ல சிட்டோ, தான் முந்தி விளையாடின அட்லாண்டாவையே வெண்டு பேஸ்போலின்ர பெரிய கப்பான வேர்ல்ட் சீரிஸை எடுத்தார், அதை எடுத்த முதல் கறுப்பின மனேஜர் அவர்தான். 1993 இன்னும் பெரிசு. பட்டிங் கோச் அப்ப லாரி ஹைசில், ஆனா எங்கட டீமின்ர ஓலரூட், மொலிட்டர், அலொமார் மூண்டு பேரும் நாங்கள் விளையாடுற அமெரிக்கன் லீக்கின்ர அவரேஜில 1, 2, 3 ஆ வந்ததில சிட்டோவின்ர கையும் இருக்கு எண்டுதான் நான் சொல்லுவன். ஒக்டோபர் 23, ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு பேர் பேஸில நிக்க எங்கட ஜோ காட்டர் அடிச்ச ஹோம் ரன்னோட 8க்கு 6, ரெண்டாவது கப். அந்த ராவு யங் ஸ்ட்ரீட்டில தெரியாத சனமெல்லாம் என்னைக் கட்டிப்பிடிச்சுது, வந்து அஞ்சு வருசத்தில முதல்தரம் இது என்ர ஊர் எண்டு மனதில பட்டுது.

அடுத்தநாள் சேருக்கு நாலு பக்கத்தில எல்லாத்தையும் எழுதினன். சண்டைக் காலம், பதில் வர மாசக்கணக்காச்சு. சுகம் விசாரிச்சு, ஆர் ஆர் ஊரை விட்டுப் போட்டினம் எண்டெல்லாம் எழுதிப்போட்டு, கடைசியா அடியில ஒரு வரி:

"அந்தக் காட்டர் என்ன பந்து வருமெண்டு நினைச்சவன்?"