கட்ட முடியாத மாதங்களுக்கு ஒரு கார்டு நாட்குறிப்பு

2025 ஜூலை 3, வியாழன்

இந்தக் குறிப்புகள் முழுக்க ஒரே கிரெடிட் கார்டு பில்லைத்தான் எடுத்துக்கொள்கிறேன், கணக்குப் புரிவதற்காக. ஸ்டேட்மென்ட் தேதி ஜூலை 2. கட்டவேண்டிய கடைசித் தேதி ஜூலை 20. மொத்த பாக்கி 1,84,000 ரூபாய். மினிமம் டியூ, அதாவது இந்த மாதம் குறைந்தபட்சம் கட்டவேண்டியது, 5 சதவீதம்: 9,200. வட்டி மாதம் 3.6 சதவீதம். சென்னையில் பலர் கையில் இருக்கும் கார்டுகளின் வட்டி இந்த அளவைச் சுற்றித்தான்.

மாத வட்டி 6,624. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,192. இரண்டும் சேர்ந்து 7,816. நீங்கள் 9,200 கட்டினால் அசலில் கழிவது 1,384 மட்டும். அந்த மாதம் கார்டில் 1,400 ரூபாய்க்கு மளிகை வாங்கிவிட்டால் கடன் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே முதல் வேலை, கார்டைப் பர்ஸிலிருந்து வெளியே எடுத்து வைப்பது. அதில் தானாகக் கழியும் ஓடிடி சந்தா, போன் ரீசார்ஜ் எல்லாவற்றையும் நிறுத்துவது.

மினிமம் கட்டுவதே சிரமம் என்று ஜூலை 3-ஆம் தேதி தெரிந்துவிட்டால், வங்கியிடம் சலுகை கேட்கவேண்டிய நாளும் ஜூலை 3 தான். கடைசித் தேதி தாண்டிய கணக்குக்குக் கிடைக்காத சலுகைகள் பல, தாண்டாத கணக்குக்குக் கிடைக்கும்.

ஜூலை 5, சனி

வங்கியிடம் கேட்பதற்கு முன் வீட்டுக் கணக்கு. ஒரே தாளில், உண்மையான எண்களில்.

கைக்கு வரும் வருமானம் 31,000. வாடகை 11,000. மளிகை, பால், கேஸ் 8,500. பள்ளி வேன், நோட்டுப் புத்தகம் 3,200. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், அதில் பாதி 1,100. அம்மாவின் சுகர், பிரஷர் மாத்திரை 1,700. மொத்தச் செலவு 25,500, மிச்சம் 5,500.

இந்த 5,500 தான் உங்கள் உச்சவரம்பு. ஆனால் வங்கியிடம் முதலில் சொல்லவேண்டியது 4,500. ஒரு காய்ச்சல் வந்தாலும் தவணை தவறக்கூடாது என்பதற்காக அந்த ஆயிரம். ஒப்புக்கொண்ட பிறகு இரண்டாவது தவணையிலேயே தவறும் கணக்கைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் போனில் தைரியமாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டு வந்தவர்கள். கூச்சத்தில் கூட்டிச் சொல்லாதீர்கள்.

அடுத்து, 4,500-க்குள் எது அடங்கும் என்று பாருங்கள். 1,84,000-ஐ ஆண்டுக்கு 18 சதவீதத்தில் 24 மாத ஈஎம்ஐ ஆக்கினால் தவணை 9,186. ஜிஎஸ்டியைச் சேர்க்காமல் பார்த்தால் இது நீங்கள் இப்போது கட்டும் மினிமத்துக்கு ஏறக்குறையச் சமம், ஆனால் இரண்டே ஆண்டில் கடன் முடிந்துவிடும். மினிமம் கட்ட முடிகிறவர்கள் இன்றே செய்யவேண்டியது இதைத்தான். 36 மாதம் என்றால் 6,652. வட்டி 12 சதவீதமாகக் குறைந்து 48 மாதம் கிடைத்தால் 4,845, 60 மாதம் என்றால் 4,093. ஒவ்வொரு தவணையின் வட்டிப் பகுதிக்கும் ஜிஎஸ்டி உண்டு. 12 சதவீதத்தில் முதல் மாத வட்டி 1,840, அதற்கு ஜிஎஸ்டி 331. ஆக 60 மாதம் 4,424, 48 மாதம் 5,176.

முதலில் 60 மாதம் கேட்பது, மறுத்தால் 48-க்கு இறங்குவது. அதற்குக் கீழே எதற்கும் தலையாட்டக் கூடாது.

ஜூலை 7, திங்கள்

இன்று கடிதம். கார்டின் பின்புறமும் ஸ்டேட்மென்டிலும் இருக்கும் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். வங்கியின் இணையதளத்தில் குறைதீர்ப்புப் பக்கத்தைத் திறந்தால் நோடல் அதிகாரியின் முகவரி இருக்கும், அவருக்கும் ஒரு நகல். தமிழில் எழுதலாம், ஆனால் படிக்கிறவர் வெளி மாநிலத்தில் இருக்கலாம் என்பதால் கீழே ஆங்கிலத்திலும் சேர்ப்பது நல்லது. இப்படி ஒரு கடிதம் போதும்:

"கார்டின் கடைசி நான்கு எண்கள் இவை. ஜூலை 2 ஸ்டேட்மென்ட்படி என் பாக்கி 1,84,000 ரூபாய். மே மாதம் வேலை போனது. இப்போது சேர்ந்திருக்கும் வேலையில் சம்பளம் 31,000. பழைய நிறுவனத்தின் பணி விடுவிப்புக் கடிதமும் புதிய சம்பளச் சீட்டும் இணைத்துள்ளேன். வீட்டுச் செலவுக் கணக்கையும் இணைத்துள்ளேன். மாதம் 4,500 ரூபாய் தவறாமல் கட்ட முடியும். பாக்கி முழுவதையும் குறைந்த வட்டியில் 60 மாதத் தவணையாக மாற்றித் தரும்படியும், மாற்றும் வரை தாமதக் கட்டணம் விதிக்காமல் இருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். கார்டை முடக்குவதில் ஆட்சேபம் இல்லை. இந்த ஏற்பாடு கடன் தகவல் நிறுவனங்களுக்கு எப்படித் தெரிவிக்கப்படும் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தவணையாக மாற்றுவதும், கடன் நிபந்தனைகளையே மாற்றும் மறுசீரமைப்பும், ஒரு பகுதியைக் கட்டி முடித்துக்கொள்ளும் செட்டில்மென்ட்டும் சிபில் அறிக்கையில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், ஒரே மாதிரி பதிவாவதில்லை.

மருத்துவச் செலவு காரணம் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும் இணையுங்கள். முழுக் கார்டு எண், சிவிவி, ஓடிபி எதையும் எந்தக் கடிதத்திலும் எழுதக் கூடாது. அனுப்பியதும் வரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். வராவிட்டால் கஸ்டமர் கேரில் கேட்டு வாங்குங்கள். பின்னால் எல்லாம் அந்த எண்ணிலும் இன்றைய தேதியிலும்தான் நிற்கும்.

ஜூலை 8, செவ்வாய்

கடிதம் போன மறுநாளே போன் வரலாம். "மேடம், உங்களுக்கு ஈஎம்ஐ ஆப்ஷன் இருக்கு, போட்டுடட்டுமா?" அவசரப்பட்டு 'ஓகே' சொல்லக் கூடாது. ஐந்து கேள்விகள்: வட்டி ஆண்டுக்கு எவ்வளவு, எத்தனை மாதம், ப்ராசஸிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே முடித்தால் கட்டணம் உண்டா, முழு பாக்கியும் மாறுகிறதா ஒரு பகுதியா. பல வங்கிகள் நகை வாங்கியதையும் ஏடிஎம்மில் எடுத்த பணத்தையும் தவணையாக மாற்றுவதில்லை. அந்தப் பகுதி பழைய வட்டியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். "மாசம் ஒன்றரைதான்" என்றால் அது ஆண்டுக்கு 18. பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஜூலை 12, சனி

வாட்ஸ்அப்பில் சுற்றும் இரண்டு செய்திகளை நம்பிக் கடிதம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஒன்று. 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படிச் சொன்னது உண்மை. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 2008 உத்தரவைக் காட்டி வட்டியைக் குறைக்கச் சொன்னால் வேலைக்கு ஆகாது.

மாரட்டோரியம், அதாவது கட்டுவதைச் சில மாதம் தள்ளிவைக்கும் சலுகை, கேட்டால் தந்தே ஆகவேண்டும் என்பது இன்னொன்று. 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கொரோனாவுக்காக ரிசர்வ் வங்கி அனுமதித்தது, கார்டு பாக்கிக்கும் அது பொருந்தியது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. அப்போதுகூட வட்டி நிற்கவில்லை, கட்டாமல் விட்ட ஆறு மாதத்துக்கும் ஏறிக்கொண்டே இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தி.நகர் முழுக்கத் தள்ளுபடிப் பலகை, கூடவே "கார்டில் ஈஎம்ஐ வசதி". கஷ்டத்தில் இருக்கும் கார்டை இந்த மாதம் எந்தக் கடையிலும் நீட்ட வேண்டாம்.

இன்னொரு பலகையும் கண்ணில் படும்: ஸ்வைப் செய்தால் உடனே கேஷ், அல்லது "உங்கள் பில்லை நாங்கள் கட்டிவிட்டு மறுபடி ஸ்வைப் செய்துகொள்கிறோம்". 3 சதவீதக் கமிஷன் என்றால் 1,84,000-க்கு மாதம் 5,520. வங்கி வட்டிக்குக் கிட்டத்தட்ட சமமான தொகை, அசல் அப்படியே நிற்கும். பொருள் வாங்காமல் ஸ்வைப் செய்வது கார்டு விதிமீறல். வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கும், நீங்கள் கேட்டிருக்கும் சலுகையும் போய்விடும். மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கார்டைக் கட்டுவதைப் பற்றி எழுதவே மனம் வரவில்லை. தயவுசெய்து வேண்டாம்.

வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் யோசிக்கத் தகுந்தது. ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் 1,84,000-க்கு வட்டி 18,400. கார்டில் அதே தொகைக்கு ஜிஎஸ்டி இல்லாமலே 79,488. ஆனால் நகையை வைத்துக் கார்டைக் கட்டிய அன்றே லிமிட்டைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். காலியான லிமிட் மறுபடி நிரம்பினால் அடகுச் சீட்டும் பில்லும் சேர்ந்தே கழுத்தை நெரிக்கும்.

ஜூலை 19, சனி

நாளை ஞாயிறு, கடைசித் தேதி. பதில் இன்னும் வரவில்லை என்றாலும், எப்படியாவது புரட்ட முடிந்தால் இந்த ஒரு மாத மினிமத்தை இன்றே கட்டிவிடுங்கள். கோரிக்கை பரிசீலனையில் இருக்கும்போது கணக்கு தவறாமல் இருப்பது உங்கள் பலம். 9,200-க்குப் பதில் 5,500 கட்டினால் வட்டி கொஞ்சம் குறையும், ஆனால் கணக்கில் அது தவறிய மாதம்தான்.

ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, கடைசித் தேதி கழிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கணக்கைத் தவறியதாகத் தெரிவிக்கவும் செய்யலாம். ஆக 23-ஆம் தேதி வரை மூச்சு விடலாம். மூன்று நாள் தாண்டிவிட்டால் தாமத நாட்களை 20-ஆம் தேதியிலிருந்தே எண்ணுவார்கள்.

ஆட்டோ டெபிட் போட்டிருந்தால் அதில் "முழுத் தொகை" என்று இருக்கிறதா பாருங்கள். கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் இரண்டு பக்கமும் அபராதம். சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால், பாக்கி நீளும்போது வங்கி அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. வாடகையும் மாத்திரைப் பணமும் வேறு வங்கிக் கணக்கில் இருக்கட்டும்.

ஜூலை 26, சனி

மினிமம் தவறியவர்களுக்கு இந்த வாரம் வசூல் போன்கள் தொடங்கியிருக்கும். காலை 8-க்கு முன்பும் மாலை 7-க்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மாமனார் வீட்டுக்கோ ஆபீஸ் மேனேஜருக்கோ போன் செய்து அவமானப்படுத்தக் கூடாது. நேரில் வருகிறவரிடம் அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் இருக்கவேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள். அவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

"போலீஸ் வரும்" என்பார்கள். கார்டு பாக்கி கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். ஆனால் காசோலை கொடுத்து அது திரும்பினால் குற்றவழக்குக்கு இடம் உண்டு. ஆகவே "ஒரு செக் மட்டும் கொடுங்க சார்" என்றால் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பேசும் தொனி மாறினால் பதிவு செய்யுங்கள். நீங்கள் சொல்லவேண்டியது ஒன்றுதான்: "ஜூலை 7-ஆம் தேதி கோரிக்கை அனுப்பியிருக்கிறேன், புகார் எண் இது."

ஆகஸ்ட் 7, வியாழன்

கடிதம் கொடுத்து 30 நாள் முடிந்தது. பதிலே இல்லை என்றாலோ திருப்தியில்லாத பதில் என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் பதியலாம், விவரம் கேட்க 14448. இதற்காக ராஜாஜி சாலை அலுவலகம் வரை அலைய வேண்டியதில்லை.

ஆனால் எதை எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். "வட்டியைக் குறைக்கவில்லை" என்று மட்டும் எழுதினால், அது வங்கியின் வணிக முடிவு என்று புகாரை மூடிவிடுவார்கள். 30 நாளாகப் பதில் இல்லை, மூன்று நாளுக்குள் கட்டியும் தாமதக் கட்டணம் போட்டார்கள், இந்தத் தேதியில் இரவு 8:40-க்கு வசூல் அழைப்பு வந்தது. இவை சேவைக் குறைபாடுகள், இவற்றை எழுதுங்கள். நோட்டின் பக்கமும் ஸ்டேட்மென்டும் இணைப்பில் போகட்டும்.

ஆகஸ்ட் 16, சனி

செட்டில்மென்ட். 90 நாளுக்கு மேல் தவறிய கணக்கு வாராக்கடன் ஆனபின் இந்த அழைப்புகள் அதிகமாகும். "இன்னைக்கு ஆறு மணிக்குள்ள போட்டா பாதியில முடிச்சுடலாம் சார்." முடிக்கலாம்தான், வழி இல்லாதவர்களுக்கு அது உண்மையான உதவியும்கூட. ஆனால் சிபிலில் "செட்டில்டு" என்று நிற்கும். அடுத்து வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது அந்த ஒரு சொல் குறுக்கே வரும். தவணைகளாகவே முழுதும் கட்டக் கொஞ்சமேனும் வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

செட்டில்மென்ட் என்றால் பணம் போடும் முன் வங்கியின் சொந்த மின்னஞ்சலிலிருந்து கடிதம் வரவேண்டும். அதில் தொகை, கடைசித் தேதி, "முழுமையான இறுதித் தீர்வு" என்ற வாசகம் மூன்றும் இருக்கவேண்டும். பணத்தைக் கார்டு எண்ணுக்கே, வங்கியின் வழியாகவே கட்டுங்கள். பிறகு நோ டியூ சான்றிதழ். 30 நாளுக்குள் கடன் தகவல் நிறுவனத்தில் நிலையைத் திருத்தவேண்டியது வங்கியின் பொறுப்பு.

ஆகஸ்ட் 23, சனி

லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளிய வேண்டாம், அது சமரசத்துக்கான அழைப்பு. ஜூலை 5 வீட்டுக் கணக்குத் தாளோடு போங்கள். அங்கே கையெழுத்திட்டால் அது தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. ஆகவே கட்ட முடியாத தொகைக்குக் கையெழுத்து வேண்டாம். பெண்கள், பட்டியலினத்தவர், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். அழைக்க 15100.

செப்டம்பர் 3, புதன்

ஆகஸ்ட் 14 அன்று தவணையாக மாற்றிவிட்டதாக வங்கி சொல்லியிருந்தால், நேற்று வந்த ஸ்டேட்மென்ட்தான் முதல் சோதனை. அசல், வட்டி விகிதம், தவணை எண்ணிக்கை மூன்றும் மெயிலில் சொன்னபடி இருக்கிறதா? ப்ராசஸிங் கட்டணம் சொன்ன அளவுதானா? தவணை முழுவதும் மினிமம் டியூவுக்குள் சேர்ந்திருக்கும். மினிமத்தில் ஒரு ரூபாய் குறைத்துக் கட்டினாலும் தவணை தவறியதாகிவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. ஆகஸ்ட் 2 ஸ்டேட்மென்டிலிருந்து 14-ஆம் தேதி வரை 12 நாள் பழைய வட்டி ஓடியிருக்கும். 1,84,000-க்கு ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 218 ரூபாய். 12 நாளுக்கு 2,616, ஜிஎஸ்டி 471. ஆக 3,087 ரூபாய் தவணைக்கு வெளியே தனியாக நிற்கும். தவணையை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால், அடுத்த மாதம் அந்த மூவாயிரத்துக்கும் 3.6 சதவீத வட்டி தொடங்கும். முடிந்தால் இந்த மாதக் கடைசித் தேதிக்குள் அதையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். முடியாவிட்டால் அந்தத் தொகையையும் தவணையில் சேர்க்கச் சொல்லி இன்றே ஒரு மெயில், பழைய புகார் எண்ணைப் போட்டே.