பாம்பன் பக்கம் உக்காந்து வேல பாத்தாலும் வரி நியூயார்க்குக்குத்தான்

எங்க ஊர்ல ஏப்ரல் 15ன்னா தடைக்காலம் ஆரம்பிக்கிற நாள், விசைப்படகெல்லாம் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கடலுக்கு போகாது. எனக்கு அதே தேதிதான் வருஷத்துலயே பெரிய தலவலி, அமெரிக்காவுல டேக்ஸ் ரிட்டர்ன் போட கடைசி நாள். தங்கச்சிமடத்துல வீட்ல இருந்தே அங்க உள்ளவங்க ரிட்டர்ன ரெடி பண்ணிக் குடுக்குற வேல பாக்குறேன், ஆறு வருஷமாச்சு.

எங்க பெரியப்பா மகன் நியூஜெர்சில இருக்காரு, ஆபீஸ் நியூயார்க் மன்ஹாட்டன்ல, ஆனா வாரத்துல நாலு நாள் வீட்ல இருந்துதான் வேல. போன வருஷம் ஊருக்கு வந்தப்ப லீவு பத்தலன்னு எங்க மாடில லேப்டாப்ப வச்சு 14 நாள் வேலயும் பாத்தாரு. திரும்பிப் போனதும் போன் போட்டு, "பாப்பா, நான் ஆபீஸ் பக்கமே அதிகம் போகல, நியூயார்க்குக்கு எதுக்கு முழுசா வரி பிடிக்கிறாய்ங்க?"ன்னு கேட்டாரு.

நம்ம ஊர்ல சம்பளத்துக்கு இன்கம் டேக்ஸ் மத்திய அரசுதான் போடும், தொழில் வரி மட்டும் தனி, அதுவும் வருஷத்துக்கு 2,500 ரூபாய தாண்டக்கூடாது. அதனால இந்தக் குழப்பமே நமக்கு தெரியாது. அங்க மத்திய அரசு வரி போக மாநிலமும் தனியா போடும். பொதுவா நீங்க எந்த மாநிலத்துல உக்காந்து வேல செய்றீங்களோ அது கேக்கும், அதோட நீங்க குடியிருக்கிற மாநிலம் உங்க மொத்த வருமானத்துக்கும் கேக்கும்.

நியூயார்க் இதுல தனி ரகம். கன்வீனியன்ஸ் ரூல்னு ஒண்ணு வச்சிருக்கு, உங்க ஆபீஸ் அங்க இருந்து, உங்க வசதிக்காக வெளிய உக்காந்து வேல செஞ்சா அந்த நாளும் நியூயார்க் நாள்தான். கம்பெனியோட கட்டாயத் தேவைக்காக வெளிய இருந்தாத்தான் வேற கணக்கு, அதுக்கும் ஆதாரம் காட்டணும். எட்வர்ட் ஜெலின்ஸ்கின்னு ஒரு சட்டப் பேராசிரியர், கனெக்டிகட்ல வீடு, நியூயார்க்ல வேல, வீட்ல இருந்து வேல பாத்த நாளுக்கு வரி கேக்கக்கூடாதுன்னு கேஸ் போட்டாரு, 2003ல நியூயார்க் மேல்கோர்ட்டு அவருக்கு எதிராத்தான் தீர்ப்பு சொன்னுச்சு. அப்ப எங்க மாடில உக்காந்த 14 நாளும்? அதுவும் நியூயார்க் கணக்குதான். லீவு போட்டு தனுஷ்கோடி சுத்துன நாள் மட்டும் வேலநாள் கணக்குல வராது.

அண்ணனுக்கு உடனே பயம், ரெண்டு மாநிலத்துக்கும் முழுசா கட்டணுமோன்னு. இல்ல, நியூயார்க்குக்கு கட்டுனத நியூஜெர்சி கிரெடிட்டா குடுக்கும், அதாவது தன் வரியில கழிச்சுக்கும், அந்த வருமானத்துக்கு தனக்கு வரவேண்டிய வரி அளவு வரைக்கும். அதனால நியூயார்க் ரிட்டர்ன மொதல்ல போட்டு முடிக்கணும், அப்பத்தான் கிரெடிட் எவ்ளோன்னு தெரியும், பலபேரு இத மாத்திப் போட்டுட்டு அப்புறம் திருத்தம் போட்டு அலையிறாங்க.

டெக்சாஸ், புளோரிடா ஆளுங்க நெலமைதான் எனக்கு மனசு கேக்காது. அங்க சம்பளத்துக்கு மாநில வரியே கிடையாது, ஆனா ஆபீஸ் நியூயார்க்ல இருந்தா வரி போகும், சொந்த மாநிலத்துல வரியே இல்லாததால கழிக்க கிரெடிட்டும் இல்ல. மொத வருஷம் நானே அப்படி ஒரு ரிட்டர்ன்ல, ஆளு டெக்சாஸுக்கு குடிபோயிட்டாரே, அதுக்கப்புறம் நியூயார்க் வரி பூஜ்யம்தான்னு போட்டு அனுப்பிட்டேன், ரிவியூ பண்ணுன அக்காதான் ராத்திரி ஒரு மணிக்கு போன் போட்டு, "ஆபீஸ் எங்க இருக்குன்னு பாத்தியா?"ன்னு கேட்டாங்க. அன்னைல இருந்து டபிள்யூ-2, அதாவது கம்பெனி குடுக்குற வருஷச் சம்பள-வரிச் சீட்டு, வந்தா மொதல்ல 15, 16, 17 கட்டம் பாத்துட்டுத்தான் மத்தது, எந்த மாநிலம், எவ்ளோ சம்பளம், எவ்ளோ பிடிச்சாங்கன்னு அங்கதான் இருக்கும்.

வெளிநாட்டுல இருக்கிற நம்ம புள்ளைங்க எல்லாருக்கும் நான் சொல்றது, எந்த நாள் எந்த ஊர்ல உக்காந்து வேல பாத்தீங்கன்னு அன்னன்னைக்கே எழுதி வைங்க. எங்க அண்ணன் எழுதி வைக்கல, விமான டிக்கெட்டையும் பாம்பன் புதுப் பாலத்துல எடுத்த போட்டோவோட தேதியையும் வச்சு ரெண்டு ராத்திரி உக்காந்து நாள எண்ணுனோம். இப்ப அவரே போன் காலண்டர்ல தினமும் குறிச்சு வச்சு மாசக் கடைசில எனக்கு அனுப்பிருறாரு.