சூடு ஆறாத சாலை

2019இல் ஹவாய் பெரிய தீவில் நான் பார்த்த வேலை, கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். உறைந்த எரிமலைக் குழம்பில் துளை போட்டு, அதற்குள் வெப்பமானியின் கம்பியை இறக்கி, எத்தனை டிகிரி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் புல்டோசர் முன்னால் போகலாமா, காத்திருக்க வேண்டுமா என்று முடிவு செய்வார்கள்.

முந்தைய ஆண்டு மே 3 அன்று, கீலவேயா எரிமலையின் கிழக்குச் சரிவில் லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்புக்குள்ளேயே தரை பிளந்தது. மொத்தம் 24 பிளவுகள். எட்டாவது பிளவிலிருந்து வந்த குழம்பு ஆறாகவே ஓடி, கபோஹோ விரிகுடாவைத் தூர்த்துவிட்டது. 700க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. பாஹோவா ஊரிலிருந்து கபோஹோ போகும் 132ஆம் எண் நெடுஞ்சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரத்துக்குப் பாறைக்கு அடியில் போய்விட்டது.

ஆனால் குழம்பு எல்லாவற்றையும் மூடவில்லை. மேடான சில இடங்களை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. கண்ணுக்கு எட்டியவரை கறுப்பு, நடுவில் திட்டாகக் கொஞ்சம் பச்சை. ஹவாய் மக்கள் அதைக் கீபூகா என்கிறார்கள். அந்தப் பச்சைக்குள் வீடு இருந்தது, தோட்டம் இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது. போய்ச் சேர வழி மட்டும் இல்லை.

மூடிப்போன 132ஐத் திரும்ப வெட்டித் திறப்பதுதான் எங்கள் வேலை. எங்கள் தடுப்புக்கு அருகே தினமும் காலையில் ஒரு பெரியவர் வந்து நிற்பார். ஹவாயில் வயதில் மூத்தவர்களை, முன்பின் தெரியாதவராக இருந்தாலும், அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது பழகிய விஷயம், உடனே ஒட்டிக்கொண்டது. அங்கிள் பப்பாளி விவசாயி. 'கபோஹோ சோலோ' என்று அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு பப்பாளி ரகம் இருக்கிறது, சின்னதாக, கையடக்கமாக. மகள் யாரிடமோ கேட்டு வாங்கிய டிரோன் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினார். தகரக் கூரை, பக்கத்தில் வரிசை வரிசையாக மரங்கள்.

"வீடு எரிந்திருந்தால் காப்பீட்டுப் பணமாவது வந்திருக்கும். வீடு நன்றாக இருக்கிறதாம், அதனால் எதுவும் கிடையாது. நன்றாக இருக்கிற வீட்டுக்கு நான் எப்படிப் போவது?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் செய்தது தவறு. மேல்பரப்பில் வெயிலில் கிடந்த பாறையின் சூடுதான் இருந்தது. அதை நம்பி, "செப்டம்பருக்குள் போய்விடலாம் அங்கிள்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. பாறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே இறுகிய ஓடு கீழே இருக்கிற நெருப்பைப் போர்த்தி வைத்துவிடும். இரண்டு ஆள் ஆழம் வெட்டிய ஓர் இடத்தில் கம்பியை இறக்கினேன். எண் ஏறிக்கொண்டே போய் 370 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. குழம்பு ஓடி நின்று ஓராண்டு ஆகியிருந்தது!

தார் போடுகிறவர்களுக்கு இது புரியும். தார்க் கலவையை 150 டிகிரி அளவில் கொட்டி ரோலர் ஓட்டுகிறோம், பிறகு அது ஆறினால்தான் இறுகும். அடியில் இருக்கும் பாறை அதைவிடச் சூடாக இருந்தால் எப்படி இறுகும்? அதனால் மேட்டை வெட்டி, பாறையை நொறுக்கி, பரப்பி, காற்றுபட விட்டு, திரும்ப அளந்து, திரும்ப வெட்டி என்றே நாட்கள் போயின. நாங்கள் வேலை செய்த பகுதிக்குப் பூனா வட்டாரம் என்று பெயர், அங்கே மழைக்குக் குறைவில்லை. ஒரு தூறல் விழுந்தால் போதும், பாதை முழுக்க ஆவி எழுந்து, முன்னால் நிற்கும் பொக்லைன்கூடத் தெரியாது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். இன்னொன்று, அந்தப் பாறை கண்ணாடி மாதிரி. தடுமாறிக் கையை ஊன்றினால் கையுறையே கிழியும். என் பூட்ஸின் அடிப்பகுதி ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை.

அக்டோபர் 5க்குள் முடித்தால் முழுச் செலவையும் மத்திய நெடுஞ்சாலைத் துறை ஏற்கும் என்று கெடு இருந்தது. சூடு விடவில்லை என்று காட்டி ஜனவரி 5 வரை அவகாசம் வாங்கினார்கள். அந்த அனுமதிக்கு என் எண்களும் போயிருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அது நிம்மதி. அங்கிளுக்கு அது இன்னும் மூன்று மாதம். செப்டம்பர் கடைசி நாள் அவர் வந்தபோது நானே போய்ப் பேசினேன், "நான் சொன்ன கணக்குத் தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் கறுப்பு மேட்டையே பார்த்தபடி நின்றார். பிறகு, "பேலேயின் அடுப்பு. அவள் அணைக்கும்போதுதான் அணையும்" என்றார். பேலே அவர்களுடைய எரிமலைத் தெய்வம். கோபத்தில் சொல்லவில்லை, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அதன் பிறகு நாள் கணக்கு யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டேன். இன்றைய சூடு இவ்வளவு, போன வாரம் அவ்வளவு என்று மட்டும் அவரிடம் சொல்வேன். அவர் அதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார்.

நவம்பர் 27, நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு முந்தைய நாள், 132 திறந்தது. அங்கிளின் பிக்கப் வண்டியும் போனது. ஆனால் நெடுஞ்சாலை வரைக்கும்தான் அரசின் கணக்கு. அங்கிருந்து தோட்டத்துக்குப் போகிற தனிப் பாதை இன்னும் பாறைக்கு அடியில்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை மாதமும் வரைபடத்தில் நாங்கள் பார்த்தது 132 என்கிற ஒரு கோட்டை மட்டும். அதிலிருந்து பிரிகிற வீட்டுப் பாதைகளை யாரும் வரைந்திருக்கவில்லை. அவர் காத்திருந்ததோ அந்தக் கடைசி 200 மீட்டருக்காக.

அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய புல்டோசரை வாடகைக்கு எடுத்தார்கள். அங்கிள் என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை சும்மாதானே இருப்பாய்? அந்தக் கம்பியைக் கொண்டு வா" என்றார். போனேன். நாலு இடத்தில் அளந்தேன். அதிகபட்சம் 58 டிகிரி. கரடுமுரடாக ஒரு தடம் வெட்டினார்கள், ஜல்லியைக் கொட்டி மட்டம் செய்தார்கள்.

கறுப்பு முடிந்து மண் தொடங்கும் இடத்தில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார். பழைய மரங்கள் பாதி சாய்ந்து கிடந்தன. யாரும் பறிக்காமல் விழுந்து அழுகிய பழங்களின் விதையெல்லாம் முளைத்து, வரிசை எது, இடைவெளி எது என்று தெரியாமல் முழங்கால் உயரத்துக்குப் பப்பாளிக் கன்றுகள் நின்றன. அங்கிள் குனிந்து, நெருக்கமாக இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் களைய ஆரம்பித்தார். வீட்டுக் கதவை இன்னும் திறக்கவில்லை.