கேட் தேர்வில் எந்தக் கேள்வியை விடுவது?

இரண்டு பேர் கேட் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 50 கேள்விகளைத் தொட்டு 30 சரி, 20 தவறு. மற்றவர் 38 கேள்விகளைத் தொட்டு 30 சரி, 8 தவறு. சரியான விடைக்கு 3 மதிப்பெண், ஆப்ஷன் உள்ள கேள்வியில் தவறான விடைக்கு 1 கழியும். தவறானவை எல்லாம் ஆப்ஷன் கேள்விகள் என்று கொண்டால் முதலாமவருக்கு 70, இரண்டாமவருக்கு 82. இருவருக்கும் தெரிந்தது அதே 30 கேள்விதான். 12 மதிப்பெண் வித்தியாசம் முழுக்க விட்ட கேள்விகளால் வந்தது.

ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட்டைத்தான் சொல்கிறேன், பொறியியல் மேற்படிப்புக்கான கேட்டை அல்ல. சமீப ஆண்டுகளாக நவம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. காலை 8.30, மதியம் 12.30, மாலை 4.30 என மூன்று ஸ்லாட். 2024-இல் 68 கேள்விகள், 204 மதிப்பெண்: வார்க் எனப்படும் ஆங்கிலப் பகுதியில் 24, டி.ஐ.எல்.ஆர். எனப்படும் தரவு, தர்க்கப் பகுதியில் 22, குவாண்ட் எனப்படும் கணக்கில் 22. பகுதிக்கு 40 நிமிடம், வரிசையும் இதேதான். 40 நிமிடம் முடிந்தால் பகுதி பூட்டிக்கொள்ளும், திரும்பப் போக முடியாது. 2019 வரை 100 கேள்வி, 180 நிமிடம் என்று இருந்தது. அந்தக் காலப் புத்தகங்களில் உள்ள நேரக் கணக்கை அப்படியே பின்பற்றாதீர்கள். கணக்குகள் உதவும், நேரப் பங்கீடு உதவாது.

2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் 99 பெர்சண்டைல் (எழுதியவர்களில் 99 சதவீதம் பேரை முந்திய இடம்) வாங்க மொத்த மதிப்பெண்ணில் பாதிகூடத் தேவைப்படவில்லை. ஆகவே முழு வினாத்தாளையும் முடிக்க ஓடுவது அர்த்தமில்லாத வேலை. அதே சமயம், ஐ.ஐ.எம்.கள் மொத்தத்துக்கு மட்டுமல்லாமல் மூன்று பகுதிக்கும் தனித்தனியே குறைந்தபட்ச பெர்சண்டைல் கேட்கின்றன. குவாண்டில் அள்ளிவிட்டு வார்க்கைக் கைகழுவினால் நேர்காணல் அழைப்பு வராது. கேள்விகளை விடலாம், பகுதியை விடக்கூடாது.

டி.ஐ.எல்.ஆர்.தான் பலரையும் கவிழ்க்கும் பகுதி. இங்கே கேள்விகள் தனித்தனியாக வராது, செட்டாக வரும். 2024-இல் ஐந்து செட், ஒவ்வொன்றிலும் நான்கோ ஐந்தோ கேள்வி. தவறான செட்டைப் பிடித்து 15 நிமிடம் மல்லுக்கட்டினால் அந்தப் பகுதியே போச்சு. அதனால் முதல் ஐந்து நிமிடம் எதையும் தீர்க்காமல் எல்லா செட்டையும் படித்துவிடுங்கள். ஐந்து நிமிடம் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். பரவாயில்லை, படியுங்கள்.

படிக்கும்போது எதைப் பார்ப்பது? முதலில், கட்டம் போட முடியுமா என்று பாருங்கள். யார், எந்த நாள், எத்தனை என்று வரிசையும் நெடுவரிசையும் கண்ணுக்குத் தெரிந்தால் நல்லது. அடுத்து, கேள்விகளின் தொடக்கத்தைப் பாருங்கள். செட்டின் பெரும்பாலான கேள்விகள் ‘இஃப்’ என்று தொடங்கினால், கொடுத்த தகவலை வைத்து செட் முழுதாகத் தீராது, ஒவ்வொரு கேள்விக்கும் புதுத் தகவல் சேர்த்து மறுபடி போட வேண்டும் என்று அர்த்தம். நேரம் அதிகம் பிடிக்கும். ‘இஃப்’ இல்லாத செட்டில் கட்டம் ஒருமுறை நிரம்பிவிட்டால் எல்லாக் கேள்விக்கும் விடை அதிலேயே இருக்கும்.

செட்டைத் தேர்ந்தெடுத்தபின் முதல் வேலை மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது. நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் துரத்துவது பிறகு. ஒரு சின்ன உதாரணம் பாருங்கள். அ, ஆ, இ, ஈ என நான்கு அணிகள், ஒவ்வொன்றும் மற்றவற்றுடன் ஒருமுறை மோதுகிறது. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு ஆளுக்கு 1, தோல்விக்கு 0. இறுதியில் அ 7, ஆ 5, இ 3, ஈ 1. யார் யாரை வென்றார்கள்? வேறு தகவல் எதுவும் கிடையாது.

பார்த்ததும் தகவல் போதாது என்றுதான் தோன்றும். கூட்டிப் பாருங்கள். மொத்தம் ஆறு ஆட்டம். டிராவே இல்லையென்றால் 18 புள்ளி விநியோகமாகியிருக்கும். ஒவ்வொரு டிராவும் அதில் ஒன்றைக் குறைக்கும். இங்கே 7+5+3+1 = 16, ஆகவே சரியாக இரண்டு டிரா. மூன்று ஆட்டத்தில் 5 புள்ளி எடுக்க ஒரே வழி ஒரு வெற்றி, இரண்டு டிரா. எனவே இரண்டு டிராவும் ஆ அணியுடையவை. ஏழு என்றால் இரண்டு வெற்றியும் ஒரு டிராவும், ஒன்று என்றால் ஒரு டிராவும் இரண்டு தோல்வியும். ஆகவே ஆ டிரா செய்தது அ-வுடனும் ஈ-யுடனும், வென்றது இ-யை. அ மீதமுள்ள இ, ஈ இரண்டையும் வென்றது. இ-யின் 3 புள்ளி ஈ-யை வென்றதால் வந்தது. ஆறு ஆட்டமும் தீர்ந்துவிட்டது. மொத்தத்தைக் கூட்டாமல் அ-வுக்கு இப்படி இருந்தால், அப்படி இருந்தால் என்று கிளை பிரித்தவர் பத்து நிமிடம் கழித்தும் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருப்பார்.

கேட்டில் வரும் செட் இதைவிடப் பெரியதாக இருக்கும், வழி இதுவேதான். இரண்டு செட்டை முழுதாக முடித்து, மூன்றாவதில் எளிதான ஒன்றிரண்டு கேள்வியை எடுத்தால் பெரும்பாலான ஆண்டுகளில் அது நல்ல இடம். ஏழு நிமிடம் போட்டும் கட்டம் நகரவில்லை, மூன்று கிளையாகப் பிரிந்துகொண்டே போகிறது என்றால் அந்த செட்டை விட்டுவிடுங்கள். ‘இவ்வளவு நேரம் போட்டாச்சே’ என்ற எண்ணம்தான் இந்தப் பகுதியில் மதிப்பெண்ணைத் தின்பது.

குவாண்டில் நிலைமை வேறு, ஒவ்வொரு கேள்வியும் தனி. முதல் சுற்றில் 22-ஐயும் வரிசையாகப் படித்து, 20 விநாடிக்குள் வழி தெரிந்தவற்றை மட்டும் போடுங்கள். வழி தெரியும், ஆனால் நீளம் என்றால் மார்க் செய்துவிட்டு நகருங்கள். இந்தச் சுற்று 20 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இரண்டாம் சுற்றில் மார்க் செய்தவை. எட்டாவது கேள்வியில் சிக்கி நின்றவருக்கு 19-ஆவது கேள்வி ஒரு வரிக் கணக்கு என்பது தெரியாமலேயே நேரம் முடிந்துவிடுகிறது.

படிக்கும் வரிசை: சதவீதம், விகிதம், இலாப நட்டம், வேலை, வேகம், கலவை, வட்டி என்ற அரித்மெட்டிக் முதலில், அடுத்து அல்ஜீப்ரா. சமீபத் தாள்களில் இவை இரண்டும் சேர்ந்தே பாதிக்கு மேல். ஜியாமெட்ரி பிறகு. பெர்முடேஷனை ஆகஸ்டில் தொட்டால் போதும். கணக்குக் கருவி திரையில் உண்டு, ஆனால் மவுஸால் ஒவ்வொரு எண்ணாக அழுத்த வேண்டும், நம்பி உட்கார்ந்தால் நேரம் ஓடிவிடும். 30 வரையிலான வர்க்கங்களும், 1/7 = 14.28%, 1/12 = 8.33%, 1/16 = 6.25% போன்ற பின்னங்களும் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

தவறு பெரும்பாலும் கணக்கில் நிகழ்வதில்லை, வாசிப்பில் நிகழ்கிறது. 3x + 5y = 100, இதற்குப் பாசிட்டிவ் இண்டிஜர் தீர்வு எத்தனை? 5y-யும் 100-ம் ஐந்தால் வகுபடும், எனவே x-உம் ஐந்தால் வகுபட வேண்டும். x = 5k என்றால் y = 20 − 3k. k 1 முதல் 6 வரை, விடை 6. அதே கேள்வியில் ‘நான்-நெகட்டிவ்’ என்று இருந்தால் k = 0-ம் சேர்ந்து 7. ‘டிஸ்டிங்க்ட்’, ‘அட் லீஸ்ட்’, ‘நான்-நெகட்டிவ்’ இந்த மூன்று சொல் வந்தால் பேடில் வட்டமிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வார்க் பற்றி, குறிப்பாகத் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு. தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. 2024-இல் நான்கு ஆர்.சி. பத்தி (சில பாராக்கள் கொண்ட பகுதியைப் படித்து விடை சொல்வது), ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி, மீதி 8 கேள்வி சின்னவை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டு படித்தால் நேரம் போதாது. ஒரு பாராவை முடித்ததும் அது சொன்னதை ஒரே வரித் தமிழில் மனதில் நிறுத்துங்கள்: ‘பழைய கருத்து’, ‘அதற்கு மறுப்பு’, ‘ஆசிரியரின் சமரசம்’ என்ற மாதிரி. நான்கு பாராவுக்கு நான்கு வரி. கேள்வி வந்ததும் எந்தப் பாராவுக்குத் திரும்புவது என்று அது காட்டிக்கொடுக்கும். படிக்க மூன்றரை நிமிடம், கேள்விகளுக்கு நாலரை, பத்திக்கு எட்டு நிமிடம். நான்கு பத்திக்கு 32, சின்னவற்றுக்கு 8. வாசிப்பு வேகம் போதாதவர்கள் மூன்று பத்தியை நிதானமாகச் செய்துவிட்டு, சின்னவற்றுக்குக் கூடுதல் நேரம் தரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆப்ஷன்களில் பொறி எப்படி இருக்கும் என்று ஒரு சின்ன மாதிரி. பத்தி சொல்வது: ‘நகரத்தில் மரம் நட்டால் வெப்பம் குறையும் என்கிறார்கள். தண்ணீரே இல்லாத ஊரில் அந்த மரங்களே சுமையாகிவிடுகின்றன.’ ஆசிரியர் கருத்து என்ன? ‘நகரங்களில் மரம் நடுவதை ஆசிரியர் எதிர்க்கிறார்’ என்ற ஆப்ஷன் தவறு, அவர் எதிர்ப்பது இடம் பாராமல் நடுவதை. ‘மரங்கள் காற்றைத் தூய்மையாக்கும்’ என்பது உலகத்தில் உண்மை, பத்தியில் இல்லை, அதனால் தவறு. ‘மரம் நடுவதன் பலன் ஊரின் தண்ணீர் நிலையைப் பொறுத்தது’ என்பதே விடை. கொஞ்சம் மந்தமாக, அளவாகப் பேசும் ஆப்ஷன்தான் பலமுறை சரியாக இருக்கும்.

டிட்டா எனப்படும் விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது, அவற்றை வெறுமையாக விடக் கூடாது. கலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தும் பாரா ஜம்பிள் பெரும்பாலும் இந்த வகை, இரண்டு வரிசையில் எது என்று குழம்பினாலும் ஒன்றை அழுத்திவிடுங்கள். நான்கு ஆப்ஷன் கேள்வியில் கண்ணை மூடி அழுத்தினால் சராசரி லாபம் பூஜ்யம். ஒரு ஆப்ஷனை உறுதியாக நீக்க முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண், இரண்டை நீக்க முடிந்தால் ஒரு மதிப்பெண். இரண்டை நீக்கிவிட்டு அப்புறமும் தயங்குவது நஷ்டம்.

மாக் டெஸ்ட் எனப்படும் மாதிரித் தேர்வை எழுதுவதைவிட எழுதியதை அலசுவதில்தான் பலன். இரண்டு மணி நேர மாக்குக்கு நான்கு மணி நேர அலசல் ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் கேள்வி எண், எடுத்த நேரம், நடந்தது என்ன. சரியாக, வேகமாகப் போட்டது. சரிதான், ஆனால் நான்கு நிமிடம் தின்றது. தவறியது. விட்டது, ஆனால் வீட்டில் போட முடிந்தது. கடைசி வகைதான் பொக்கிஷம், இரண்டாம் வகை அதைத் தின்ற திருடன். தவறியதன் எதிரே காரணத்தையும் எழுதுங்கள்: பாடம் தெரியாதது, அவசர வாசிப்பு, கூட்டல் பிழை, தொட்டிருக்கவே கூடாதது. பத்து மாக் முடிந்ததும் எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று நோட்டே சொல்லிவிடும். ஆகஸ்ட் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, செப்டம்பர், அக்டோபரில் வாரம் ஒன்று, நவம்பரில் வாரம் இரண்டு. கடைசி ஐந்து நாள் மாக் வேண்டாம். ஹால் டிக்கெட்டில் ஸ்லாட் தெரிந்ததும் அதே நேரத்தில் எழுதிப் பழகுங்கள், 4.30 ஸ்லாட் வந்தவர் காலையில் பழகியது மாலைச் சோர்வுக்கு உதவாது.

தேர்வுத் திரையைப் பற்றியும் தெரிந்துகொண்டு போங்கள், இதில் படித்தவர்கள்கூட மதிப்பெண் இழக்கிறார்கள். ஆப்ஷனைச் சொடுக்கினால் மட்டும் விடை பதிவாகாது, ‘சேவ் அண்ட் நெக்ஸ்ட்’ அழுத்த வேண்டும். ஆப்ஷனைத் தொட்டுவிட்டு வலப்பக்கக் கேள்வி எண்ணைச் சொடுக்கித் தாவினால் அந்த விடை போய்விடும். விடை கொடுத்து ‘மார்க் ஃபார் ரிவ்யூ’ செய்த கேள்வி மதிப்பீட்டில் சேரும், ஆகவே சந்தேகத்தில் அழுத்திய விடையை வேண்டாம் என்று முடிவு செய்தால் ‘கிளியர் ரெஸ்பான்ஸ்’ கொடுத்து நீக்கியாக வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் கடைசி இரண்டு நிமிடத்தைப் புதுக் கேள்விக்குச் செலவிடாமல், வலப்பக்கத்தில் பச்சையாக உள்ளவற்றின் எண்ணிக்கையையும், ஊதாவில் பச்சைப் புள்ளியோடு நிற்பவற்றின் எண்ணிக்கையையும் கூட்டி, நீங்கள் போட்டதாக நினைக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஒன்று குறைந்தால் சேவ் ஆகாத கேள்வி எது என்று தேட அந்த நேரம் போதும்.