லாரெஸ் மலைப்பாதை: உருளைக்கிழங்கு, குதிரை, கொஞ்சம் சண்டை

பெருவின் குஸ்கோ நகரில் மலைநடை ஏஜென்சிக்காரர்கள் சொன்ன விலையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆகவே அதை முதலில் கொட்டிவிடுகிறேன். லாரெஸ் பள்ளத்தாக்கில் நடப்பதற்கு யாரிடமும் பெர்மிட் வாங்க வேண்டியதில்லை. அந்தக் கெடுபிடி எல்லாம் மச்சு பிச்சு இடிபாடுகளுக்கு நடந்து போகும் இன்கா பாதைக்குத்தான்: சுமை தூக்குகிறவர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர், மாதக்கணக்கில் முன்பதிவு, பிப்ரவரி முழுக்க மூடல். லாரெஸுக்கு இதில் எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் 'பேக்கேஜ்' என்று டாலரில் மூன்று இலக்கம் கேட்கிறார்கள். அதில் நம் சுமையை ஏற்றி வரும் குதிரைக்காரருக்கு எவ்வளவு போகும் என்று ஒரு கடையில் கேட்டேன். பதிலுக்கு இன்னொரு வண்ண நோட்டீஸை எடுத்து நீட்டினார்கள். போதும்டா சாமி என்று எழுந்து வந்துவிட்டோம்.

கால்கா ஊர் வரைக்கும் ஷேர் வேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கால்காவிலிருந்து லாரெஸ் போகிற வேனில்தான் கூத்து. கூரை மேல் உருளைக்கிழங்கு மூட்டை, உள்ளே கூடை கூடையாக ரொட்டி, என் காலடியில் ஒரு கோழி. பக்கத்து சீட்டுப் பாட்டி கொடுத்த காசை நான் கண்ணால் பார்த்தேன். எங்களிடம் ஓட்டுநர் கேட்டது அதைப்போல நாலு மடங்கு. முதுகுப் பைக்குத் தனிக் கட்டணமாம்! மூட்டைக்கும் கோழிக்கும் இல்லாத கட்டணம் என் முதுகுப் பைக்கு மட்டும் ஏன் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் கேட்டேன். "டேய், சண்டை போடவா இவ்வளவு தூரம் வந்தோம், விடுடா" என்று நண்பன் என் கையைப் பிடித்தான். பெருவின் பணம் சோல், ஒரு சோல் 20 ரூபாய்க்கு மேல். எப்படி விடுவது? நான் வாயை மூடுவதற்குள் பாட்டி அந்த மலைமக்களின் கெச்சுவா மொழியில் ஆரம்பித்துவிட்டார். என்ன சொன்னாரோ, வண்டி மொத்தமும் சிரித்தது. ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாதியைக் குறைத்தார். முழு நியாயம் இல்லைதான், ஆனாலும் அந்தப் பாட்டி நன்றாக இருக்க வேண்டும்.

வேன் 4,400 மீட்டர் கணவாயைத் தாண்டி இறங்குகிறது. லாரெஸ் ஊர் குஸ்கோவைவிடக் கொஞ்சம் தாழ்வு, மூச்சு சீராக இருக்கும். அங்கே வெந்நீர் ஊற்றுத் தொட்டிகள் உண்டு, மஞ்சளும் பழுப்புமாகத் தண்ணீர். நிறத்தைப் பார்த்துத் தயங்காமல் இறங்கிவிடுங்கள். இதற்குப் பிறகு குளியல் என்ற பேச்சே கிடையாது.

குதிரைக்காரரை, அங்கே அர்ரியெரோ என்பார்கள், எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தது தங்கிய வீட்டு அம்மாதான். பேரம் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அவர் குதிரையோடு திரும்பி நடக்கும் நாளுக்கும் நீங்கள்தான் கூலி தர வேண்டும். அதையும் சேர்த்தேதான் கொடுத்தோம். அப்படியும் ஏஜென்சி சொன்னதில் பாதிகூட ஆகவில்லை. ஸ்லீப்பிங் பேக், கூடாரம் எல்லாம் குஸ்கோவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஜூன், ஜூலை வறண்ட காலம், மழைப் பயம் இல்லை. ஆனால் ராத்திரிக் குளிர் எலும்பு வரைக்கும் இறங்கும்.

அந்தக் குளிரை இந்த ஊர்க்காரர்கள் சும்மா விடுவதில்லை. வக்கவாசி ஊருக்குப் போகும் வழியில் புல்தரை முழுக்க உருளைக்கிழங்கைப் பரப்பி வைத்திருந்தார்கள். காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உறைய வைக்கிறார்களாம்! ராத்திரி உறைபனியில் கல்லாகும் கிழங்கு பகலில் இளகும். அதை வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து வெயிலில் உலர்த்துகிறார்கள். பெயர் சூன்யோ. வருடக்கணக்கில் கெடாது. வெள்ளையாக வேண்டும் என்றால் ஓடும் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு மொராயா செய்வார்கள். பழைய இன்கா பேரரசின் களஞ்சியங்களிலும் சூன்யோ இருந்தது. ருசி? மண் வாசனையோடு கொஞ்சம் தக்கையாக இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைப்பானேன்.

ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாடு! வக்கவாசியில் ஒரு வீட்டு அடுப்படியில் உட்கார வைத்தார்கள். தரையெல்லாம் கினிப்பன்றிகள் கீச்சுக்கீச்சென்று ஓடுகின்றன. அவை செல்லப்பிராணி இல்லை, நல்ல நாளுக்கான கறி. சைவனான என் நண்பன் காலைத் தூக்கி பெஞ்சில் வைத்துக்கொண்டான். முதலில் கினோவா சூப். அப்புறம் ஒரு துணி நிறைய அவித்த உருளைக்கிழங்கு, ஊதாவும் சிவப்புமாக, முண்டும் முடிச்சுமாக. ஆண்டிஸ் மலையில் 4,000-க்கும் மேற்பட்ட நாட்டு ரகங்கள் உண்டு என்று படித்தபோது நம்பவில்லை. அந்தத் துணியைப் பார்த்த பிறகு நம்பினேன். தொட்டுக்கொள்ள உச்சுகுட்டா. கறுப்பு விதையுள்ள ரொக்கோட்டோ மிளகாயையும், செண்டுமல்லி இனத்தைச் சேர்ந்த வக்கத்தாய் என்ற பச்சிலையையும் பத்தானில் வைத்து அரைக்கிறார்கள். பத்தான் நம்ம அம்மிதான், குழவி மட்டும் உருளாமல் பிறைநிலா மாதிரி இருபக்கமும் ஆடும். காரம் உச்சி மண்டைக்கு ஏறியது. சைவக்காரன் கணக்கில்லாமல் தின்றான். குஸ்கோவின் பெரிய சதுக்கத்து ஓட்டல்களில் இதற்கு ஈடாக ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை, பில் மட்டும் கொழுத்தது.

அடுத்த நாள் கணவாய். இதுவும் 4,400-க்கு மேல்தான், ஆனால் இந்த முறை வேன் இல்லை, சொந்தக் கால். குதிரைக்காரர் டயர் ரப்பர் செருப்பில் விசிலடித்துக்கொண்டு போகிறார், நான் விலையுயர்ந்த பூட்ஸில் பத்தடிக்கு ஒரு தடவை நிற்கிறேன். அவர் கொடுத்த கோகா இலையைக் கடைவாயில் அதக்கிக்கொண்டேன். நாக்கு மரத்தது, தலைவலி கொஞ்சம் மட்டுப்பட்டது. மிச்ச இலையை ஞாபகத்துக்கு என்று ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் வேண்டாம், இந்தியாவில் 1985 போதைப்பொருள் சட்டத்தில் மாட்டுவீர்கள். உச்சியிலிருந்து இப்சாய்கொச்சா ஏரி தெரியும். போட்டோ எடுத்தோம், காற்று தள்ளியது, இறங்கிவிட்டோம்.

இறங்கி வந்த பத்தகஞ்சா ஊரில் பெண்கள் தறியின் ஒரு முனையை நிலத்தில் அடித்த முளையில் கட்டி, மறுமுனையை இடுப்பில் மாட்டிக்கொண்டு நெய்கிறார்கள். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டும் கொச்சினியா பூச்சியை உள்ளங்கையில் நசுக்கினால் ரத்தச் சிவப்பு. எலுமிச்சைச் சாறு விட்டால் அது ஆரஞ்சுக்குத் திரும்புகிறது. ஒரு போர்வை முடிய வாரங்கள் ஆகும். அங்கே ஒரு வெளிநாட்டுக் கும்பல், ஒரு பெண்மணியிடம் பத்து சோலைக் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் இழுத்தது. வேன்காரரிடம் நானும் பேரம் பேசியவன்தான். அவர் ஊர்க்காரர்களுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை வைத்தார். இந்த அம்மா எல்லோருக்கும் ஒரே விலைதான் சொன்னார். நான் ஒரு இடுப்புக் கச்சை வாங்கினேன், சொன்ன விலைக்கு. சில்லறையாகக் கொண்டுபோங்கள், நூறு சோல் நோட்டை மாற்ற அங்கே ஆள் இல்லை.

அடுத்த ஊரான வில்லோக்கில் ஆண்கள் போடும் சிவப்புப் போஞ்சோவை, அதாவது தலைவழியே மாட்டும் போர்வையை, தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். ஒரு வீட்டு வாசலில் கம்பு நுனியில் சிவப்பு பிளாஸ்டிக் பை பறந்தது. உள்ளே சோளக் கள்ளு தயார் என்று அர்த்தம். சிச்சா என்பார்கள். முதல் துளியைப் பச்சமாமாவுக்கு, அதாவது நிலத்தாய்க்கு, தரையில் ஊற்றிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். புளிப்பு, விலை மலிவு, டம்ளர் மிகப் பெரிது. கடைசி இறக்கம் எப்படிப் போனது என்று அதிகம் கேட்காதீர்கள்.

நடை முடியும் ஊரான ஒய்யாந்தாய்தம்போவில் இன்கா காலத்துக் கால்வாய்களில் இன்றும் தெருவோரம் தண்ணீர் ஓடுகிறது. அதை ரசித்தபடியே மச்சு பிச்சு ரயில் டிக்கெட் விலையைக் கேட்கப் போனேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் பயணம். உள்ளூர்க்காரர்களுக்குத் தனி ரயில், மலிவு விலை. வெளிநாட்டவருக்குச் சொன்ன விலையில் குதிரை, கூலி, சாப்பாடு, கச்சை எல்லாம் சேர்த்து இன்னொரு முறை லாரெஸ் நடந்துவிடலாம். நண்பன் வரிசையில் நின்றான். நான், ரயில் ஏறாமல் மச்சு பிச்சு போகிறவர்கள் வேனில் போய் இறங்கும் இடமான ஹிட்ரோஎலெக்ட்ரிக்கா பக்கம் போகும் வேன் எங்கே நிற்கிறது என்று விசாரிக்கக் கிளம்பினேன்.