தெற்கு ஜன்னலோரம் ஒரு ஆபீஸ்

ஏப்ரல் 22

நான் கணக்கு எழுதும் கடைக்காரர்கள் எல்லாருக்கும் இந்த மாதத்து 3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், போட்டாயிற்று. அடுத்து 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, விற்பனை பில்களின் விவரம். அதுவரை கொஞ்சம் மூச்சு விடலாம். ஆடிட்டர் ஆபீஸை விட்டு வீட்டிலிருந்தே கணக்கு எழுத ஆரம்பித்ததிலிருந்து டைனிங் டேபிள்தான் என் இடம். சாப்பாட்டு நேரம் வந்தால் லேப்டாப், பில் கட்டு, கால்குலேட்டர் எல்லாம் கட்டிலுக்குப் போகும். சாப்பிட்டு முடித்ததும் திரும்ப வரும். இனி எனக்கென்று நகராத ஒரு மேஜை வேண்டும். வீட்டில் சொல்லிவிட்டேன்.

எங்கே போடுவது என்பதுதான் பேச்சு. பழைய சாமான் கிடக்கிற மேற்கு ரூமை ஒழித்துத் தருகிறேன் என்கிறார் என் வீட்டுக்காரர். கதவைச் சாத்திக்கொள்ளலாம், தொந்தரவு இருக்காது என்பது அவர் நியாயம். எனக்கு வெயில்தான் பயம். வீட்டு ஆபீஸ் என்று தேடினால் வருகிற படங்களில் எல்லாம் மேஜை மேல் பளிச்சென்று வெயில் விழுந்துகொண்டிருக்கும். வெயிலுக்கு ஏங்குகிற ஊர்க்காரர்களுக்கு அது சரி. பெரம்பூரில், மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு நிழலும் காற்றும் எங்கே கிடைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

ஏப்ரல் 24

இன்று முழுக்க வெயிலைப் பின்தொடர்ந்தேன். மகளிடம் ஒரு சாக்பீஸ் வாங்கி, மேற்கு ரூம் தரையில் வெயில் எட்டுகிற இடத்தில் மணிக்கு ஒரு கோடு போட்டேன். மதியம் ஒன்றரைக்கு ஜன்னலடியில் ஒரு விரல் அகலத்துக்கு வந்தது. மூன்று மணிக்கு மேஜை போடலாம் என்று நினைத்த இடம் முழுக்க வெயில். ஐந்து மணிக்குத் தரையைத் தாண்டி எதிர்ச்சுவரில் ஏறிவிட்டது. இரவு பத்து மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், இன்னும் சுடுகிறது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் செங்கல் சுவர் இரவில் உள்ளே விடுகிறது. அந்த ரூமில் ஏசி இல்லாமல் உட்கார முடியாது.

ஹாலில் இருக்கும் தெற்கு ஜன்னல் பக்கம் சாக்பீஸுக்கு வேலையே இல்லை. சூரியன் ஏப்ரல் கடைசியில் சென்னைக்கு நேர் உச்சிக்கு வருகிறது. பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடத்தில் மாடிக் கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது. இதற்கப்புறம் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அதனால் கோடை முழுக்கத் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் இல்லை, வெளிச்சம் மட்டும் வரும். அத்தையிடம் சொன்னேன். "மார்கழியில பாரு, இதே ஜன்னல் வழியா வெயில் என் ஈஸி சேர் கால் வரைக்கும் வரும். அப்ப அது இதமாத்தான் இருக்கும்" என்றார். இந்த வீட்டில் இத்தனை வருடம் இருந்தவருக்கு எந்தப் படமும் பார்க்காமலே தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 27

தெற்கு ஜன்னலை டிவி ஸ்டாண்ட் அடைத்துக்கொண்டிருந்தது. அதை உட்சுவருக்கு நகர்த்தலாமா என்று அத்தையிடம் கேட்டேன். அவர் சீரியல் பார்க்கும் இடம், அவர் சரி என்றால்தான் சரி. "ஜன்னல் வெளிச்சம் கண்ணுல அடிச்சு டிவியில ஒண்ணும் தெரியறதில்லம்மா, தாராளமா மாத்து" என்றார். ஒரே ஒரு நிபந்தனை: கிழக்கே பார்த்து உட்கார வேண்டும்.

அது எனக்கும் வசதி. எனக்கு இடதுகைப் பழக்கம். எழுதும் கையின் நிழல் தாளில் விழாமல் இருக்க, வெளிச்சம் எனக்கு வலப்பக்கம் வர வேண்டும். கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் தெற்கு ஜன்னல் வலப்பக்கம்தான். வலதுகைக்காரர்களுக்கு இதே ஜன்னல் என்றால் மேற்கே பார்த்துத்தான் போட வேண்டும். எந்தக் கைக்காரராக இருந்தாலும் ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஸ்கிரீனில் ஜன்னல்தான் தெரியும்.

மே 1

கார்பெண்டர் அண்ணன் வந்தார். "டேபிள் முப்பது இன்ச் வெச்சிடலாம்மா, அதான் எல்லாருக்கும்" என்று டேப்பை எடுத்தார். முதலில் என்னை அளங்கள் அண்ணே என்றேன். பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, கையை மடக்கி, முழங்கையிலிருந்து தரை வரை பிடித்தோம். 25 அங்குலத்தைத் தொடவில்லை. நான் ஐந்தடி ஓர் அங்குலம். முப்பது அங்குல மேஜையில் நான் தோளைத் தூக்கிக்கொண்டேதான் டைப் அடிக்க வேண்டும். டைனிங் டேபிளில் இத்தனை நாள் கழுத்து பிடித்துக்கொண்டதன் காரணம் அங்கேயே தெரிந்துபோயிற்று.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். ஆபீஸில் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு உட்காருகிறோம், வீட்டில் வெறுங்கால். அதிலேயே ஓர் அங்குலம் குறைகிறது. கடை மேஜையை வாங்கிப் போடுகிறவர்கள் நாற்காலியை உயர்த்திக்கொண்டு, காலுக்கு ஒரு பலகை போட்டாக வேண்டும். தொங்குகிற கால் மரத்துப்போகும்.

25 அங்குல உயரம், நாலடி நீளம், இரண்டடி அகலம் என்று முடிவாயிற்று. 19 மி.மீ. பிளைவுட், மேலே மேட் மைக்கா. பளபளக்கிற மைக்கா போட்டால் ட்யூப்லைட் அதில் முகம் பார்க்கும். நிறம் வெளிர் தேக்கு. எல்லாம் வெள்ளையாக இருக்கும் படங்கள் அழகுதான், ஆனால் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் வெள்ளை மேஜையைத் துடைப்பதே தனி வேலையாகிவிடும்.

மே 6

கத்திரி ஆரம்பித்தாயிற்று. பாரிமுனையில் ஒரு கடைக்காரரிடம் பில்கள் வாங்கப் போனவள் அப்படியே கோடவுன் தெருவுக்குள் நுழைந்து திரைச்சீலைக்குத் துணி எடுத்தேன். சாயம் போடாத காடாத்துணி, மெல்லியது. வெளிச்சத்தைச் சலித்து விடும், காற்றை மறிக்காது. கனமான பாலியஸ்டர் திரை இந்த ஊரில் காற்றுக்குப் போடும் பூட்டு. கொசுவலை அடிப்பதா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு கட்சி. வலை காற்றைக் கணிசமாகக் குறைக்கிறது. அதனால் கழற்றி மாட்டுகிற வலை, ஆறு மணிக்கு மேல் மட்டும்.

மே 9

மேஜை வந்து சேர்ந்தது. உட்கார்ந்து ஒரு மணி நேரம் சும்மா டைப் அடித்துப் பார்த்தேன். தோள் இறங்கி இருக்கிறது. லேப்டாப்பை ஒரு ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வைத்து, கீபோர்டைத் தனியாக மாட்டியிருக்கிறேன். ஸ்டாண்டும் கீபோர்டும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியவை. நாற்காலிக்கு முதுகுப் பக்கம் வலை. ரெக்சின் சீட்டில் மே மாதம் பத்து நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மே 13

ஜிஎஸ்டிஆர்-1 வேலை புது மேஜையில் நல்லபடியாக முடிந்தது. ஆனால் போன் பேசினால் குரல் எதிரொலிக்கிறது. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், காங்கிரீட் கூரை, ஒலி எதில்தான் அடங்கும்? "மேடம், கிணத்துக்குள்ள இருந்து பேசறீங்களா?" என்று அச்சகக்காரர் கேட்டார். பரணிலிருந்த பவானி ஜமக்காளத்தை இறக்கி, ஒரு கம்பில் கோத்து, எனக்குப் பின்னால் இருக்கும் சுவரில் தொங்கவிட்டேன். சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக. எதிரொலி பாதிக்கு மேல் போய்விட்டது. வீடியோவில் பேசும்போது பின்னால் அதுதான் தெரிகிறது. இந்த மூலையில் என் கண்ணுக்கு மிகப் பிடித்த பொருள் இப்போது இதுதான். அலங்காரத்துக்கென்று வேறு எதையும் தேடப் போவதில்லை. தினசரி காலண்டர் ஒன்று, மணிபிளான்ட் ஒன்று, போதும்.

மே 20

பேப்பரில் நேற்றே போட்டிருந்தார்கள்: எங்கள் பகுதியில் பராமரிப்புப் பணி, காலை 9 முதல் மதியம் 2 வரை மின்தடை. அதுவும் 3பி கடைசி நாளில்.

இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் போன வாரமே எலக்ட்ரீஷியன் தம்பியை வரச் சொல்லி, மேஜைப் பக்கத்து பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்திருந்தேன். அப்போதே நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். பேட்டரி 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி). பெருக்கினால் 1800 வாட்-மணி. பேட்டரியை அடிவரை வழிக்கக் கூடாது, இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். 60 சதவீதம்தான் கைக்கு வரும் என்று வைத்தால் 1080. லேப்டாப் 60 வாட், ரூட்டர் 10, எல்இடி 10. பழைய சீலிங் ஃபேன் மட்டும் 75. அதைக் கழற்றிவிட்டு, கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன், 30 வாட். கூட்டினால் 110. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டும். பழைய ஃபேனே இருந்திருந்தால் ஏழு மணி நேரம்.

ஒன்பதரை மணிக்கு வேலையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வரை மேற்கேயிருந்து மேல்காற்று, அனல். ஒரு மணி வாக்கில் கடல்காற்று உள்ளே வந்தது. திரை மெல்ல உப்பியது, பிறகு பில்கள் படபடத்தன. பில் குத்தும் கம்பி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. வந்த பில்லை உடனே அதில் குத்திவிடுவேன், பறக்காது, வரிசையும் கலையாது. இரண்டு மணிக்கு முன்பே எல்லா ரிட்டர்னும் போய்ச் சேர்ந்தன. கரண்ட் வந்தபோது பேட்டரி இன்னும் பாதிக்குக் கீழே இறங்கவில்லை.

ஜூன் 3

மேஜை சரி, மனிதர்கள்? கதவில்லாத ஆபீஸ் இது. வீட்டில் இருப்பவள் சும்மா இருக்கிறாள் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும், அவர்கள் மேல் குற்றமில்லை. சிலிண்டர் வந்தால் நான், கூரியர் வந்தால் நான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை என்னைக் கூப்பிடுவதில்லை, வாசல் மணியை அத்தை பார்த்துக்கொள்வார். அதற்குப் பதில், ஏழு மணிக்கு நான் மேஜையை விட்டு எழுந்துவிட வேண்டும், அது அவருடைய சீரியல் நேரம், கீபோர்டு சத்தம் கூடாது. நியாயமான ஒப்பந்தம். அந்த மூன்று மணி நேரத்தில் நடக்கும் வேலை, முன்பு ஒரு நாள் முழுக்க நடந்ததற்குச் சமமாக இருக்கிறது.

ஜூன் 14

கீழ்வீட்டு அக்கா வந்து மேஜையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் மகனுக்கும் வீட்டிலிருந்தே வேலையாம், மேற்கு ரூம்தான் ஒதுக்கியிருக்கிறார்களாம். வேறு இடமே இல்லை என்றால் ஜன்னலுக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டி கட்டச் சொன்னேன். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும், உள்ளே திரை போட்டால் சூடு வந்த பிறகு மறைக்கிறோம். மேஜையையும் மேற்குச் சுவரை விட்டுத் தள்ளிப் போடட்டும். அக்கா வெட்டிவேர் தட்டி பற்றிக் கேட்டார். தண்ணீர் தெளித்தால் வாசனையாகக் குளிர்ச்சி தரும்தான், ஆனால் கடல்காற்று வரும் நேரத்தில் ஏற்கெனவே ஈரம் அதிகம், அப்போது அதிகம் எடுபடாது. காலை மேல்காற்றுக்கு நல்லது.

ஜூன் 21

3பி நேற்றே முடிந்தது. இன்று பள்ளி விட்டு வந்த மகள் என் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு, எனக்குச் சமமாக வளர்ந்துகொண்டிருக்கிறாள். வலதுகைக்காரி, அதனால் அவளுக்கு மேஜையின் மறுபக்கம் மேற்கே பார்த்து ஓர் இடம் வேண்டும். கார்பெண்டர் அண்ணனுக்குப் போன் போட்டேன். இரண்டடிக்கு ஒரு சின்ன மேஜை, உயரத்தை ஏற்றி இறக்கும்படி கால்களில் துளை போட்டு போல்ட் வைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அளவெடுக்க வருகிறார்.