அப்பாவின் பிஸ்கட் டின்னும் ஐந்து நாள் மாத்திரையும்

கட்டடத்துக்குள் முகக்கவசம் கட்டாயமில்லை என்று மலேசிய அரசாங்கம் அறிவித்த மாதம் அது, 2022 செப்டம்பர். இரண்டரை வருஷம் தப்பித்து வந்த அப்பாவை கோவிட் அப்போதுதான் பிடித்தது. அவருக்கு வயது 71. செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), ரத்தக் கொதிப்பு, கொழுப்பு என்று மூன்றும் உண்டு. சினோவேக் இரண்டு, பூஸ்டருக்கு பைசர் ஒன்று என மூன்று ஊசியும் போட்டாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை இரவு தொண்டை கரகரப்பு. சனிக்கிழமை காலை காய்ச்சல். வீட்டிலேயே செய்யும் கோவிட் சோதனையான ஆர்டிகேயில் இரண்டாவது கோடு பளிச்சென்று தெரிந்தது. அரசாங்கத்தின் கோவிட் செயலியான மைசெஜாத்ராவில் பதிந்துவிட்டு, வழக்கமாகப் போகும் தனியார் கிளினிக்கைக் கூப்பிட்டேன். ஆக்சிஜன் 97 இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, காய்ச்சலுக்குப் பெனடோல் கொடுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அன்றைய நிலைமைக்கு அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் இந்த வயதில், இந்த நோய்களோடு இருப்பவருக்கு வைரஸ் மாத்திரை என்று ஒன்று உண்டு, அதற்குக் கெடு உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிறு இரவு அக்கா மகள் போன் செய்தாள். அவள் நர்ஸ். "சித்தி, தாத்தாவுக்கு பாக்ஸ்லோவிட் கேட்டீங்களா? முதல் அறிகுறி வந்ததிலிருந்து அஞ்சு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும். அப்புறம் தரமாட்டாங்க." விரல் விட்டு எண்ணினேன். வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள் போய்விட்டது.

அந்த வைரஸ் மாத்திரைதான் பாக்ஸ்லோவிட். அந்த வருஷம் ஏப்ரலிலேயே மலேசியாவுக்கு வந்துவிட்டது. திங்கள் காலை அப்பாவைக் காரில் பின் சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டு, அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். போகும் முன் அக்கா மகள் சொன்னபடி ஒரு வேலை செய்தேன். அப்பாவின் பிஸ்கட் டின்னை அப்படியே தூக்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் மருந்து எல்லாம் அதில்தான் இருக்கும்.

காத்திருந்தது இரண்டு மணி நேரம். அதை விட்டுவிடுகிறேன், எல்லோரும் காத்திருந்ததுதான். டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். அப்பாவின் அப்பாய்ண்ட்மெண்ட் புத்தகத்தைப் புரட்டி, கடைசி ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற எண்ணைத் தேடினார். 48. அந்த எண் எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. மாத்திரை தரலாம், ஆனால் பார்மசிஸ்ட் ஒரு தடவை பார்க்கட்டும் என்று அனுப்பினார்.

பார்மசிஸ்ட் நம்மவர்தான். முப்பது வயதிருக்கும். டின்னை மேசையில் கவிழ்த்து, சீட்டு விளையாடுபவர் மாதிரி ஒவ்வொரு பட்டையாகப் பிரித்து வைத்தார். மெட்போர்மின், இருக்கட்டும். ஆஸ்பிரின், இருக்கட்டும். அம்லோடிபின் 10 மில்லிகிராம், இதைப் பாதியாக்கணும், தினம் பிரஷர் பார்க்கணும். சிம்வாஸ்டாட்டின், நேற்று ராத்திரி போட்டதுதான் கடைசி, இன்றிலிருந்து வேண்டாம்.

"இத்தனை வருஷமா ஒருநாள்கூட விட்டதில்லையே" என்றார் அப்பா.

"அங்கிள், இதுல ரெண்டு மருந்து இருக்கு. நிர்மாட்ரெல்வீர்தான் வைரஸ் பெருகாம தடுக்கும். ரிட்டோனாவீர் வைரஸை ஒண்ணும் செய்யாது. நிர்மாட்ரெல்வீரைக் கல்லீரல் சீக்கிரம் கரைச்சிடாம பார்த்துக்கும். குப்பை லாரிக்காரனுக்கு அஞ்சு நாள் லீவு கொடுக்கிற மாதிரி. ஆனா லாரி வரலன்னா ஒரு வீட்டுக் குப்பை மட்டுமா தேங்கும்? தெரு முழுக்கத் தேங்கும். உங்க கொழுப்பு மாத்திரையும் அந்த லாரியிலதான் போகணும்." சிம்வாஸ்டாட்டின் உடம்பில் தேங்கினால் தசை சிதையும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் டின்னின் அடியில், ரசீதுக்கும் ரப்பர் பேண்டுக்கும் நடுவில் கிடந்த ஒரு பாதிப் பட்டையை எடுத்தார். ஆறு மாத்திரை மிச்சம். கோல்சிசின்.

"இது யாருக்கு அங்கிள்?"

அப்பா என்னைப் பார்த்தார். போன வருஷம் கால் பெருவிரல் வீங்கியபோது ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்ததாம். அதற்கப்புறம் விரல் கொஞ்சம் குத்தினாலும் யாரிடமும் சொல்லாமல் ஒன்று போட்டுக்கொள்வாராம். புத்தகத்தில் இல்லை, எனக்கும் தெரியாது. கடைசியாக எப்போது? "போன மாசம் இருக்கும்." பார்மசிஸ்டின் முகம் அப்போதுதான் தளர்ந்தது. சிறுநீரகம் ஏற்கெனவே குறைந்திருப்பவர் கோல்சிசினையும் பாக்ஸ்லோவிட்டையும் சேர்த்துப் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, பட்டையை என் கையில் வைத்து, வீட்டில் இவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள் என்றார். முந்தின இரவிலிருந்து கெடு கெடு என்று பறந்துகொண்டிருந்தவள் நான். அந்த ஆறு மாத்திரையைக் கையில் பிடித்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

அப்புறம் அந்த 48. முழு அளவு என்றால் ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் இளஞ்சிவப்பு மாத்திரை இரண்டு, 100 மில்லிகிராம் வெள்ளை ஒன்று. காலையும் இரவும், ஐந்து நாளைக்கு 30 மாத்திரை. சிறுநீரகத்தின் எண் 60க்குக் கீழே, ஆனால் 30க்குக் குறையாமல் இருந்தால் இளஞ்சிவப்பு ஒன்று போதும். பார்மசிஸ்ட் ஐந்து அட்டையையும் பிரித்து, ஒவ்வொரு வேளையிலும் ஒரு சிவப்பைப் பிதுக்கி எடுத்துவிட்டு, காலியான குழியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார். பத்து மாத்திரை அங்கேயே நின்றது. இருபதோடு வீட்டுக்கு வந்தோம்.

இது வேலை செய்யுமா என்று டாக்டரிடம் நானும் கேட்டிருந்தேன். 89 சதவீதம் என்று எங்கேயோ படித்திருந்தேன். அந்த எண் ஊசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் நடந்த ஆய்வில் வந்தது, உங்கள் அப்பா மூன்று ஊசி போட்டவர், அதை அப்படியே இவருக்கு வைத்துப் பார்க்க முடியாது என்று நேராகவே சொன்னார் டாக்டர். அப்புறம் இஸ்ரேலில் நடந்த ஆய்வைச் சொன்னார். அது அந்த ஆகஸ்டில்தான் வெளிவந்திருந்தது. 65 வயதுக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போவது நன்றாகவே குறைந்தது, 40 முதல் 64 வரை உள்ளவர்களுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. மோல்னுபிராவிர் என்று இன்னொன்றும் உண்டு, அது மற்ற மருந்தோடு இப்படி மோதாது, ஆனால் பலன் குறைவு, அதனால் இதை முதலில் பார்ப்போம் என்றார்.

முதல் வேளை திங்கள் மதியம் போட்டார். மாலைக்குள் வாயில் கசப்பு. "இருபது சென் காசை நாக்குக்கு அடியில வச்ச மாதிரி இருக்கு." ரசம் வேண்டாம், மைலோ வேண்டாம், தண்ணீர்கூட இரும்பு வாசம் என்றார். அசாம் போய் என்கிற உலர்ந்த பிளம் பழம் ஒன்று வாயில் போட்டால்தான் மாத்திரை இறங்கியது. பிரஷர்காரருக்கு உப்பில் ஊறிய அசாம் போய் கொடுத்ததற்கு என்னை யாரும் திட்ட வேண்டாம், ஒரு வேளைக்கு ஒன்றுதான். மூன்றாம் நாள் வயிறு போனது, ஒரு நாளில் நின்றது. காய்ச்சல் செவ்வாய் இரவே விட்டுவிட்டது. மாத்திரையாலா, தானாகவா என்று ஒரே ஒரு அப்பாவை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

மாத்திரை முடிந்து நான்காம் நாள் மறுபடி தொண்டை கரகரத்தது. ஆர்டிகேயில் மறுபடி இரண்டு கோடு. அமெரிக்க அதிபர் பைடனுக்கு அந்த ஜூலையில் இதேபோல் திரும்பியது செய்தியில் வந்திருந்ததால், அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. கிளினிக்கைக் கூப்பிட்டேன். மாத்திரை போடாதவர்களுக்கும் இப்படித் திரும்புவது உண்டு, பெரும்பாலும் லேசாகத்தான் போகும், மறுபடி மாத்திரை தேவையில்லை, தனியாக இருக்கட்டும் என்றார்கள். மூன்று நாளில் சரியானது. சிம்வாஸ்டாட்டினை மாத்திரை முடிந்த மறுநாளே ஆரம்பிக்கப் பார்த்தார். மேலும் ஐந்து நாள் கழித்துத்தான் என்று பார்மசிஸ்ட் எழுதித் தந்த சீட்டைக் காட்டிப் பிடுங்கி வைத்தேன்.

இடையில் எனக்கும் தொற்றியது. வயது 44, நோய் எதுவும் இல்லை. எனக்குத் தரவில்லை. அப்போது கொஞ்சம் மனவருத்தம்தான். ஊசி போட்டு ஏதாவது ஓர் ஆபத்துக் காரணம் உள்ளவர்களுக்கும், ஊசி போடாமல் ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாதவர்களுக்கும் இந்த மருந்து அறிகுறிகளைச் சீக்கிரம் தீர்க்கவில்லை என்று 2024ல் ஓர் ஆய்வு வெளியானபோது அந்த வருத்தமும் போனது. நான் பெனடோலும் ரசமுமாக ஆறு நாளில் எழுந்துவிட்டேன்.

டின் மூடியின் உட்புறம் அப்பா போடும் மருந்தின் பட்டியலை எழுதி ஒட்டினேன். பெயர், அளவு, வேளை. போன மாதம் தைலம் தேடித் திறந்தபோது பட்டியலில் இல்லாத ஒரு புதுப் பட்டை கிடந்தது. கேட்டால், முழங்காலுக்காம். பக்கத்து வீட்டு அங்கிள் கொடுத்தாராம்.